தோரணம் கட்டிய டிரைவ்வே

நியூ ஜெர்சியில் என் முதல் வேலையின்போது நான் குடியிருந்த வீட்டுக்கார ஆன்ட்டிக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியாது. வாசலில் நிற்கும் ஒருவரை உள்ளே கூப்பிடாமல் இருக்கத் தெரியாது. மற்றதெல்லாம் தெரியும். பனியில் கார் ஓட்டுவார். வரி அலுவலகத்துக்கு ஃபோன் போட்டு இங்கிலீஷில் சண்டை பிடிப்பார். திருச்சிப் பக்கத்து வசவுகளைச் சிரித்துக்கொண்டே சொல்லுவார். ஆனால் தெருவோடு போகிற ஒருவர் அந்த வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டால் போதும், ஆன்ட்டி கதவைத் திறந்து "வாங்க, வாங்க!" என்றுவிடுவார்.

என்னையும் அப்படித்தான் பிடித்தார். அதே தெருவில் வேறொரு வீட்டில் வாடகைக்கு அறை பார்க்கப் போயிருந்தேன். அந்த வீட்டுக்காரர் வெளியே போய்விட்டிருந்தார். குளிரில் நடைபாதையில் நின்று ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு கதவு திறந்தது.

"யாரும்மா அது, வெளிய நிக்கறே? உள்ள வா."

நான் தமிழா, தெலுங்கா, குஜராத்தியா என்று அவருக்குத் தெரியாது. பிறகு ஒருநாள் கேட்டேன். "தமிழ் தெரியலன்னா என்ன, உள்ள வான்னு கைய காட்டினா புரியாதா?" என்றார். அன்று உப்புமா சாப்பிடும்போது அறை தேடுகிறேன் என்று சொன்னேன். காபி குடித்து முடிப்பதற்குள் மாடி அறை எனக்கு என்று ஆகிவிட்டது.

சோலார் தகடு விற்க வருகிற பையன்களை மற்ற வீட்டார் கதவு இடுக்கிலேயே அனுப்பிவிடுவார்கள். இங்கே அவர்கள் சோபாவில் உட்கார்ந்து முறுக்கு தின்றார்கள். ஒருமுறை இரண்டு பேர் கழுத்தில் டை கட்டிக்கொண்டு தங்கள் மதத்தைப் பற்றிப் பேச வந்தார்கள். பேசத் தொடங்குவதற்குள் தட்டில் பொங்கல் வந்துவிட்டது. அடுத்த வாரமும் வந்தார்கள். மூன்றாவது முறை வந்தபோது கையில் புத்தகமே இல்லை. "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்று ஏமாற்ற ஃபோன் செய்கிறவனிடம்கூட, "குரலே சரியில்லையே தம்பி, சாப்டியா நீ?" என்பார். அவன் வைத்துவிடுவான். "பாவம், ஏதோ அவசரம்" என்று ஆன்ட்டியும் வைப்பார்.

எனக்கு அது முதலில் எரிச்சலாக இருந்தது. நான் ஒழுங்குமுறையில் வளர்ந்தவள். என்னை நானே அப்படி வளர்த்துக்கொண்டவள் என்று சொல்வதே சரி. விழுப்புரம் பக்கத்தில் என் அம்மா தார் ரோடு போடும் வேலைக்குப் போனவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிக் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லும்போது என் கழுத்து கொஞ்சம் நிமிரும், இப்போதும் நிமிர்கிறது. பாடப்புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதைப் படித்து, படித்ததைச் செய்து, அப்படியே மேலே ஏறி வந்தவள். மருந்துச் சீட்டு, சலவை இயந்திரத்தின் குறிப்பு, விமானத்தின் பாதுகாப்பு அட்டை, எதையும் முழுக்கப் படிக்காமல் விடமாட்டேன்.

அம்மாவின் வேலையைப் பற்றிச் சொன்னால் இந்த ஊர் ஆன்ட்டிகள் பலர் சட்டென்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு "கிரேட், கிரேட்" என்பார்கள். வீட்டுக்கார ஆன்ட்டி மட்டும் துள்ளி எழுந்தார்.

"அப்போ உனக்குத் தார் போடத் தெரியும்!"

"எனக்கெங்க தெரியும்? நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆன்ட்டி."

"அதெல்லாம் ரத்தத்துல இருக்கும். வா, இங்க வந்து இதைப் பாரு."

அவர் காட்டியது டிரைவ்வே. தெருவிலிருந்து கராஜ் வரை நீண்ட தார்ப் பாதை. வெயிலிலும் பனியிலும் சாம்பல் நிறமாக வெளுத்து, யானைத் தோல் மாதிரி வெடித்துக் கிடந்தது. விரிசல்களில் புல் முளைத்திருந்தது. வீட்டு வாசல்படிக்குப் போகிற சின்ன நடைபாதையும் அதிலிருந்துதான் பிரிந்து போகும். முந்தைய குளிர்காலத்தில் அந்த விரிசல் ஒன்றில் கால் மாட்டி ஆன்ட்டி விழுந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் தூக்கிவிட்டு, டெக்சாஸில் இருக்கும் மகனுக்கும் சொல்லிவிட்டார்.

"விழலடா, உக்காந்தேன்" என்றாராம் ஆன்ட்டி ஃபோனில்.

"ஸ்னோலயாம்மா? டிரைவ்வே நடுவுலயா?"

"காத்து வாங்கணும் போல இருந்துச்சு."

மகன் நம்பவில்லை. அங்கிள் இறந்த பிறகு அம்மா இவ்வளவு பெரிய வீட்டைத் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியாது என்பது அவர் கட்சி. செப்டம்பரில் வரும் நீண்ட வாரவிடுமுறைக்கு வருவதாகவும், அப்போதும் வீடு இதே கதியில் இருந்தால் விற்பனைக்குப் போட்டுவிட்டு அம்மாவை டெக்சாஸில் தான் இருக்கும் காப்பெலுக்குக் கூட்டிப்போய்விடுவதாகவும் சொல்லிவிட்டார். வீடு விற்றுக்கொடுக்கும் ரியல்டர் ஒருவரைக்கூட அனுப்பினார். ஆன்ட்டி அந்த ரியல்டரை உள்ளே கூப்பிட்டு மசால் தோசை போட்டார். அவர் போகும்போது, "முதலில் டிரைவ்வேயைச் சரிசெய்யுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

"காப்பெல் நல்ல ஊருன்னு சொல்றாங்களே ஆன்ட்டி? பேரப்பிள்ளைங்க இருக்காங்க" என்றேன்.

"ஊரு நல்ல ஊருதான். நான் போய் இருந்து பாத்தேனே. கராஜ் தொறக்கும், கார் உள்ள போகும், கராஜ் மூடும். அந்த வெயில்ல தெருவுல ஒரு மனுஷன் நடக்கறதில்லடி. நான் யாரைக் கூப்பிடுவேன்?"

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்து நிமிர்ந்தேன். இல்லை. கண் கலங்கியிருந்தது.

ஆள் வைத்துப் போடலாம் என்றேன். மறுத்துவிட்டார். "ஆள் வெச்சா அவன் என்ன சொல்லுவான்? பாத்தியா, உன்னால முடியலன்னுவான். நானே போட்டேன்னு சொல்லணும். அப்பதான் அவன் வாய் அடையும்."

அவர் மகன் வரும் வாரத்தின் வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் விரிசல்களில் இருந்த புல்லைப் பிடுங்கினோம். பெருக்கி, ஹோஸ் பிடித்துக் கழுவி, காய்ந்த பிறகு விரிசல்களைக் குழம்பு மாதிரி இருந்த ஒரு கலவையால் நிரப்பினோம். சனிக்கிழமை காலையில் ஆன்ட்டியின் காரைத் தெருவில் நிறுத்திவிட்டு மேலே பூசும் தார்க் கலவையான சீலர் இருந்த வாளிகளைத் திறந்தோம். வாளிமேல் எழுதியிருந்ததை நான் சத்தமாகப் படித்தேன். கராஜிலிருந்து தொடங்கித் தெருவை நோக்கி வரவேண்டும். மெல்லிசாகப் பூச வேண்டும். ஒரே திசையில் நேராக இழுக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க யாரும் மிதிக்கக்கூடாது.

ஆன்ட்டி ஒரு குச்சியால் சீலரைக் கலக்கிப் பார்த்தார். "தோசை மாவுப் பதம்" என்றார். அதோடு வாளியில் எழுதியிருந்ததெல்லாம் போயிற்று. ரப்பர் பட்டை வைத்த நீளக் கோலை வாங்கி, தரையில் ஊற்றிய சீலரை நடுவிலிருந்து வட்டம் வட்டமாக இழுக்க ஆரம்பித்தார்.

"ஆன்ட்டி! நேரா இழுக்கணும்னு போட்டிருக்கு!"

"இப்படி இழுத்தாதான் ஓரம் வரைக்கும் சமமா பரவும். நீ தோசை சுடுறத நான் பாத்திருக்கேன், பேசாத."

சண்டை போட்டு ஒரு வழிக்கு வந்தோம். கராஜ் பக்கத்து மூலை அவருக்கு, மீதி எனக்கு. அவருடைய மூலையில் ஒரு பெரிய தோசைக்கல்லில் ஒன்றோடு ஒன்று முட்டி நிற்கும் தோசைகள் போல வட்டங்கள் வந்தன. என்னுடையது ஒழுங்காக, கோடு கோடாக வந்தது.

நடுவில் அம்மா வீடியோவில் கூப்பிட்டார். என் கோலத்தைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"இன்னாடி இது! தாரு ஊத்தறதுக்கா அவ்ளோ படிச்சு ப்ளேன் ஏறிப் போன?"

"வீட்டுக்கார ஆன்ட்டிக்கு உதவி பண்றேன்மா."

"நல்லா காய்ச்சினீங்களா? கொதிக்கணும். இல்லன்னா ஒட்டாது, சொல்லிட்டேன்."

"இது காய்ச்சறது இல்லம்மா. அப்படியே ஊத்தறது."

"காய்ச்சாத தாரா? அங்க பாலையே காய்ச்ச மாட்டாங்கன்னு சொன்னியே, அந்த மாதிரியா?"

ஆன்ட்டி என் கையிலிருந்து ஃபோனை வாங்கிக்கொண்டார். அவர் கன்னத்தில் தார். "நல்லா இருக்கீங்களா? நீங்க ஒரு தடவை இங்க வாங்களேன்."

"நான் எங்கங்க வர்றது? ப்ளேன்லாம் ஏறணுமே."

"ஏறி உக்காந்தா அதுவா வந்து எறக்கி விட்டுடும். வாங்க."

மதியத்துக்குள் தெருவோரம் வந்து சேர்ந்துவிட்டோம். திரும்பிப் பார்த்தால் வீட்டின் முன்னால் கருப்புக் கண்ணாடி விரித்த மாதிரி பளபளத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா போட்ட ரோட்டில் எத்தனையோ லாரி ஓடியிருக்கிறது. நான் போட்டதில் ஒரு கார்கூட இன்னும் ஏறவில்லை. ஆனாலும் அவர் மகள் நான் என்று தோன்றியது. இரண்டு குப்பைத் தொட்டிகளை இரு பக்கமும் நிறுத்தி, குறுக்கே மஞ்சள் டேப் கட்டினேன். புல்வெளி வழியாகச் சுற்றிப் பின்கதவில் நுழைந்து, கைகாலில் ஒட்டியதைத் தேய்க்க மாடிக்குக் குளிக்கப் போனேன்.

ஒரு மணி நேரம் தேய்த்துக் குளித்துத் தலை துவட்டும்போது கீழே பேச்சுச் சத்தம். ஒரு ஆணின் குரல், ஒரு பெண்ணின் குரல், ஒரு குழந்தையின் சிணுங்கல். ஜன்னலைத் திறந்து பார்த்தேன்.

மஞ்சள் டேப்பைக் காணவில்லை. இரண்டு குப்பைத் தொட்டிகளுக்கும் நடுவில், கொலுவுக்குக் கட்டும் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் தொங்கியது. கூடவே செவ்வந்திப் பூச்சரம். அது ஒரு பக்கமாக ஒதுக்கப்பட்டிருக்க, டிரைவ்வேயின் நடுவில் பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் கையில் பழத்தட்டோடு நின்றிருந்தாள். பின்னால் வேட்டியில் கணவர். அவர் கையில் குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டி. எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்த சேலத்துக் குடும்பம். நடக்கப் போனவர்கள் தோரணத்தைப் பார்த்து, ஏதோ விசேஷம் என்று வீட்டுக்குத் திரும்பி, உடுப்பு மாற்றிக்கொண்டு பழம் எடுத்து வந்திருக்கிறார்கள். ஆன்ட்டி வாசல்படியில் நின்றுகொண்டு, "வாங்க, வாங்க!" என்று இரண்டு கையாலும் அழைத்துக்கொண்டிருந்தார்.

நான் மாடிப்படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. நான் போய்ச் சேரும்போது அவர்கள் வாசல்படியை அடைந்துவிட்டார்கள். தெருவிலிருந்து வாசல் வரை அவர்களின் காலடிகள், நடுநடுவே வண்டிச் சக்கரம் போட்ட கோடுகள்.

"டேப்பை எதுக்கு ஆன்ட்டி எடுத்தீங்க?"

"வீட்டு வாசல்ல போலீஸ் கட்டுற ரிப்பனைக் கட்டினா போறவங்க வர்றவங்க என்ன நினைப்பாங்க? யாருக்கோ என்னமோ ஆயிடுச்சுன்னு நினைக்க மாட்டாங்க? அதுவும் கயிறு, இதுவும் கயிறு. பூ வெச்ச கயிறு, அவ்வளவுதானே?"

"தோரணம் கட்டினா வாங்கன்னு அர்த்தம் ஆன்ட்டி!"

ஆன்ட்டி தோரணத்தை எட்டிப் பார்த்தார். "ஆமால்ல?" என்றார்.

சேலத்துக்காரர் தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டு, "நாங்க வேணா போயிடட்டுமாங்க?" என்றார்.

"திரும்பி நடந்தா இன்னும் நாலு தடம் விழும், பேசாம உக்காருங்க!" என்றேன். பிறகு இருவர் காலுக்கும் நல்லெண்ணெய் தேய்த்துத் தார் எடுத்தோம். குழந்தை மட்டும் வண்டியில் இருந்ததால் சுத்தமாக இருந்தது. அதற்கு ஒரு வாழைப்பழம். பெரியவர்களுக்குக் காபி, கேசரி. போகும்போது பின்கதவு வழியாக அனுப்பினோம். "விசேஷம் என்னன்னே சொல்லலையே" என்று அந்தப் பெண் கேட்டாள். "நீங்க வந்ததுதான்" என்றார் ஆன்ட்டி.

அவர்கள் போன பிறகுதான் ஆன்ட்டியின் முகம் விழுந்தது. ஜன்னல் வழியாகத் தடங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நாளைக்கு ராத்திரி வந்துடுவான்டி. இதைப் பாத்தா நேரா காப்பெல்தான்."

இன்னும் ஒரு வாளி மீதி இருந்தது. இரண்டாவது பூச்சு பூசலாம் என்று வாளியிலேயே போட்டிருந்தது. ஞாயிறு காலையில் மறுபடி பூசினோம். மூலையில் மறுபடி தோசைகள் வந்தன, அதைத் தடுக்க யாராலும் முடியவில்லை. இந்த முறை டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றினேன். போதாதென்று தெருவோரம் ஒரு நாற்காலியைப் போட்டு லேப்டாப்போடு காவல் உட்கார்ந்தேன். ஆன்ட்டியிடம் சத்தியம் வாங்கினேன்.

"யார் வந்தாலும் கூப்பிடக் கூடாது."

"கூப்பிட மாட்டேன்."

"யாரா இருந்தாலும்."

"வாயவே தொறக்க மாட்டேன்டி, போதுமா?"

இரவு வரவேண்டியவர் பிற்பகலிலேயே வந்துவிட்டார். முந்தைய விமானத்தில் இடம் கிடைத்ததாம். டாக்ஸி நின்றது. உருட்டுப் பெட்டியோடு இறங்கி டேப்புக்கு முன்னால் வந்து நின்றார். ஆன்ட்டியின் அதே மூக்கு.

"ஹாய், நீங்கதான் மாடி ரூமா? வாவ். டிரைவ்வே யார் பண்ணது?"

"ஆன்ட்டியும் நானும், அண்ணா."

"சீரியஸ்லி? இட் லுக்ஸ் ப்ராண்ட் நியூ." எட்டிப் பார்த்தார். "அங்க என்ன சர்க்கிள் சர்க்கிளா?"

"அது ஆன்ட்டி போட்டது."

சிரித்தார். எனக்கும் தெம்பு வந்தது. வென்றுவிட்டோம் என்று நினைத்தேன். அவர் ஃபோனை எடுத்து வீட்டை டிரைவ்வேயோடு சேர்த்துப் படம் பிடித்தார்.

"பெர்ஃபெக்ட். இதை ரியல்டருக்கு அனுப்பறேன். இந்த வீக்கே லிஸ்ட் பண்ணிடலாம். இவ்ளோ க்ளீனா இருந்தா உடனே போயிடும்."

மூன்று நாளாக முட்டி தேய நாங்கள் செய்த வேலையெல்லாம் வீட்டை விற்கத்தானா? வாளியில் எழுதியிருந்த எல்லாவற்றையும் படித்திருந்தேன். இதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

அப்போது கதவு திறந்தது. ஆன்ட்டி வாசல்படிக்கு வந்தார். மகனைப் பார்த்ததும் முகம் அப்படியே மலர்ந்து, வாய் திறந்து, சட்டென்று கை போய் வாயைப் பொத்திக்கொண்டது.

சத்தியம் செய்திருந்தாரே.

இன்னொரு கையால் புல்வெளியைக் காட்டினார், சுற்றி வா என்று. மகன் நகரவில்லை. ஃபோன் பிடித்த கை மெதுவாக இறங்கியது.

"என்னம்மா, சும்மா நிக்கறே?"

ஆன்ட்டி தலையை ஆட்டினார். பொத்திய கையை எடுக்கவில்லை.

"கூப்பிட மாட்டியா?"

அந்தக் குரல் சற்றுமுன் ரியல்டரைப் பற்றிப் பேசிய குரல் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, வாசல் பூட்டியிருப்பதைப் பார்த்த குழந்தையின் குரல். பிறந்ததிலிருந்து அந்த வாசலில் எந்த நாள் வந்து நின்றாலும் கேட்ட ஒரு சத்தம் இன்று கேட்கவில்லை. அவருக்கு அது இல்லாமல் அந்த வீட்டுக்குள் நுழையத் தெரியவில்லை. பளபளவென்ற டிரைவ்வேக்கு அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் மகன். தெருவில் யாரும் இல்லை. தடமில்லாத, சத்தமில்லாத, விற்பனைக்குத் தயாரான வீடு. அவரும் அதைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். வாயால் கேட்காமல் கண்ணால் கேட்டார்.

ஒரு நாள் முழுக்க யாரும் மிதிக்கக் கூடாது என்று எழுதியிருந்ததை அந்தத் தெருவுக்கே கேட்கப் படித்தவள் நான். நாற்காலியிலிருந்து எழுந்து, இரண்டு சுற்று டேப்பையும் அவிழ்த்தேன்.

"வாடா! வாடா கண்ணா! இளைச்சுப் போயிட்டியேடா!"

தெரு முழுக்கக் கேட்டது. மகன் பெட்டியை இழுத்துக்கொண்டு ஈரத் தார் மேலேயே நேராக நடந்தார். ஷூ தடங்கள், பக்கத்தில் இரண்டு சக்கரக் கோடுகள், என் நேர்க்கோடுகளைத் தாண்டி, தோசைகளின் ஓரமாகத் திரும்பி, வாசல்படி வரை.

கொஞ்ச நேரத்தில் அவர் சமையலறையில் உட்கார்ந்து ஷூவுக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆன்ட்டி தோசை வார்த்தார். அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு ரியல்டர் ஃபோன் செய்தார். மகன் எண்ணெய்க் கையோடு ஸ்பீக்கரில் போட்டார். டிரைவ்வே பிரமாதம், வரும் வாரமே விளம்பரம் போட்டுவிடலாமா என்று ரியல்டர் இங்கிலீஷில் கேட்டார்.

மகன் அம்மாவைப் பார்த்தார். அவர் திரும்பாமல் தோசையை வட்டமாக இழுத்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் பட்டினி கிடந்தவனுக்குச் சுடுவதுபோல அடுக்கிக்கொண்டிருந்தார்.

"டிரைவ்வே இன்னும் காயலை" என்று ரியல்டரிடம் சொன்னார் மகன். "காஞ்சப்புறம் நானே கூப்பிடறேன்."

அந்தத் தடங்களின் மேல் அவர்கள் மறுபடி பூசவில்லை. பூச வேண்டும், பூச வேண்டும் என்று ஒவ்வொரு செப்டம்பரும் மகன் வருகிறார். தோசை சாப்பிட்டுவிட்டுப் போகிறார். நான் வேலை மாறி மேற்குக் கரையில் இருக்கும் ஃப்ரீமான்ட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே என் வாசலில் மணியடித்தால் ஃபோனில் முகம் தெரியும், எழுந்து போகாமலே பதில் சொல்லிவிடலாம். நான் எழுந்து போய்க் கதவைத் திறக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆன்ட்டியைக் கூப்பிட்டால் பின்னணியில் எப்போதும் யாரோ சாப்பிட்டுக்கொண்டிருக்கும் சத்தம் கேட்கும். நானும் தவறாமல் கேட்பேன்.

"டிரைவ்வே எப்படி ஆன்ட்டி இருக்கு?"

"இன்னும் காயலடி" என்பார், அத்தனை சந்தோஷமாக.